வாரத்துக்கு ஓர் அடி

அன்புள்ள வாசகருக்கு,

பேஸ்பால் விதி ஒன்றுகூடத் தெரியாதே, ‘புல் டர்ஹாம்’ படத்தை என் மனைவியோடு உட்கார்ந்து பார்த்தால் புரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் பாருங்கள். பேச்சு கொஞ்சம் பச்சையாக இருக்கும். பிள்ளைகள் தூங்கிய பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

1988-இல் வந்த படம். வட கரோலினா மாநிலத்தின் டர்ஹாம் நகரில் ‘டர்ஹாம் புல்ஸ்’ என்று நிஜமாகவே ஓர் அணி உண்டு. அந்த அணியைச் சுற்றித்தான் கதை. பெரிய லீகுக்குக் கீழே மைனர் லீக் என்று படிப்படியாகப் பல நிலைகள் இருக்கின்றன. சம்பளம் சொற்பம், ராத்திரி முழுக்கப் பஸ் பயணம், என்றாவது மேலிருந்து அழைப்பு வராதா என்ற ஏக்கம். அங்கே நியூக் லலூஷ் (டிம் ராபின்ஸ்) என்றொரு பையன், பந்து எறிகிற பிட்சர். கையில் மின்னல் வேகம். பந்து எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. அவனைப் பக்குவப்படுத்த, பன்னிரண்டு வருடம் மைனர் லீகிலேயே உழன்ற கிராஷ் டேவிஸை (கெவின் காஸ்ட்னர்) அனுப்புகிறார்கள். இவன் கேட்ச்சர், எறிகிற பந்தைப் பிடிப்பவன். ஊரில் ஆனி சவோய் (சூசன் சரண்டன்) இருக்கிறாள். ஒவ்வொரு சீசனுக்கும் ஓர் ஆட்டக்காரனைத் தேர்ந்தெடுத்து அவனுக்குக் காதலும் கற்றுத்தருவாள், ஆட்டமும் கற்றுத்தருவாள். நியூக்கைக் கட்டிலில் கட்டிப்போட்டு வால்ட் விட்மன் கவிதை வாசித்துக் காட்டுகிற பெண்!

ஒரே ஒரு காட்சிக்கு மட்டும் விதி சொல்லிவிடுகிறேன். கேட்ச்சர் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே விரல்களால் சைகை காட்டுவார்: அடுத்தது இந்தப் பந்து. பிட்சருக்குப் பிடிக்கவில்லையென்றால் தலையை ஆட்டி மறுக்கலாம். கிராஷ் வளைபந்து கேட்கிறான். நியூக் மறுக்கிறான்; வேகத்தைக் காட்டியே தீர வேண்டும் அவனுக்கு. கிராஷ் அலட்டிக்கொள்ளவில்லை. பக்கத்தில் மட்டையோடு நிற்கும் எதிரணிக்காரனிடம் அடுத்து என்ன பந்து வரும் என்று சொல்லிவிடுகிறான். பந்து மைதானத்தைத் தாண்டிப் போய்விடுகிறது. அடிக்கிறவனுக்கு முன்கூட்டியே தெரிந்ததுபோல இருந்ததே என்று நியூக் திகைக்க, ஆமாம், நான்தான் சொன்னேன் என்கிறான் கிராஷ். இதைவிடச் சுருக்கமாக ஒரு வாத்தியாரை எந்தப் படமும் காட்டியதில்லை என்பேன்.

ஆட்டத்தின் நடுவே எல்லாரும் பிட்சர் நின்று எறியும் மேட்டில் கூடிப் பேசும் காட்சியும் உண்டு. ஏதோ பெரிய வியூகம் என்று நினைப்போம். பேச்சோ வேறு: ஒருத்தனுடைய கையுறைக்குச் சாபம், அதை எடுக்க உயிருள்ள சேவல் வேண்டும். வரப்போகிற கல்யாணத்துக்கு என்ன பரிசு வாங்குவது என்று தெரியவில்லை. விசாரிக்க வந்த பயிற்சியாளர், மெழுகுவர்த்தித் தாங்கி நன்றாக இருக்கும் என்று முழு அக்கறையோடு யோசனை சொல்லிவிட்டுப் போகிறார். யாரும் நம்மைச் சிரிக்கவைக்க முயலவில்லை, அதனால்தான் இந்த நகைச்சுவை பழசாகவில்லை.

இப்படி எழுத உள்ளே இருந்து பார்த்தவரால்தான் முடியும். இயக்குநர் ரான் ஷெல்டன் 1967 முதல் 1971 வரை பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற பெரிய லீக் அணியின் கீழ்நிலை அணிகளில் ஆடியவர். பெரிய லீகை அவர் எட்டவேயில்லை. அவர் படைத்த கிராஷும் பெரிய லீகில் இருந்தது மொத்தம் 21 நாள்தான். நியூக்குக்கு மேலிருந்து அழைப்பு வரும் இரவில், குடித்திருக்கும் கிராஷ் ஒரு கணக்குப் போடுகிறான். 500 முறை மட்டை பிடித்து 125 அடி அடித்தால் சராசரி .250, சாதாரண ஆட்டக்காரன். 150 அடித்தால் .300, நட்சத்திரம். நடுவே இருப்பது 25 அடி. சீசன் ஆறு மாதம் என்றால், வாரத்துக்கு ஓர் அடி. உருண்டோடி யார் கையிலும் சிக்காமல் போகிற ஒரே ஒரு பந்து! திறமை இருந்தும் அந்த ஒன்று கிடைக்காமல் போனவர்களை இவ்வளவு பிரியத்தோடு பார்த்த காதல் படம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

படத்தின் காதலும் இந்த வாத்தியார் வேலையிலிருந்துதான் முளைக்கிறது. ஆனிக்கும் கிராஷுக்கும் நடுவே நிற்கும் நியூக் போட்டியாளன் இல்லை, இருவருக்கும் பொதுவான மாணவன். பையனை யார் சரியாகத் தேற்றுகிறார்கள் என்று சண்டை போட்டே, தன் அளவுக்கு ஆட்டம் தெரிந்த இன்னோர் ஆள் இந்த ஊரில் இருக்கிறார் என்று இருவரும் கண்டுகொள்கிறார்கள். அழகில் மயங்கிய காதல் என்று சொல்லிவிட முடியாது. அறிவை மதித்து வருகிற காதல். முப்பதைக் கடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆரம்பத்தில் ஆனி இருவரையும் வீட்டுக்கு அழைத்து, யாரைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிப்பாள். இத்தனை வருடம் ஆடியவன் இனித் தேர்வுக்கு வந்து நிற்க மாட்டேன் என்று கிராஷ் எழுந்து போய்விடுவான். அவன் செய்தது சரி என்பது என் கட்சி. உங்கள் மனைவி ஆனியின் பக்கம் பேசினால், அவர் சொன்ன காரணத்தோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்