சலவை இயந்திரத்தில் துணி இடுமுன்

வெள்ளை வேட்டியில் செஞ்சாயம் ஏறிவிட்டதே என்று இயந்திரத்தை நிந்திப்பதைவிட, துணிகளை அதனுள் இடுமுன் பத்து நிமிஷம் சிரத்தையோடு செலவிடுவது உத்தமம்.

1. சட்டைப் பைகள் யாவற்றையும் வெளியே இழுத்து உதறுங்கள். மறந்துபோன பஸ் டிக்கெட் ஒன்றே கூழாகிச் சகல துணிகளிலும் ஒட்டிக்கொள்ளும், நாணயமோ பம்பை அடைத்துவிடும்.

2. வெள்ளை, வெளிர்நிறம், அடர்நிறம் என மூன்றாகப் பிரித்து, புதிய சுங்குடிச் சேலையைச் சில முறை தனியே அலசுங்கள். முதல் சலவைகளில்தான் சாயம் அதிகமாக வெளியேறும்.

3. துவாலைகளைக் கறுப்பு உடுப்புகளோடு சேர்க்காதீர்கள். அவை உதிர்க்கும் பஞ்சு கறுப்பில் ஸ்பஷ்டமாகத் தெரியும்.

4. ஜிப்புகளை மூடி, ரவிக்கைக் கொக்கிகளை மாட்டி, மெல்லிய துணிகளை வலைப்பையில் இடுங்கள். திறந்த கொக்கி பிற துணிகளின் இழையைப் பற்றி இழுத்துக் கிழிக்கும்.

5. ஜீன்ஸையும் படம் அச்சிட்ட பனியனையும் உட்புறம் வெளியாகத் திருப்புங்கள். உராய்வினால் வரும் நிறமங்கல் மேற்புறத்தைப் பாதிக்காது.

6. காலர் அழுக்கிலும் குழம்புக் கறையிலும் முன்னதாகவே சோப்பைத் தேய்த்துச் சற்று நேரம் ஊறவிடுங்கள். மஞ்சள் கறை அப்போது சிவந்து தோன்றினாலும் அஞ்ச வேண்டாம், துவைத்தபின் வெயிலில் உலர்த்த உலர்த்த அது மங்கிவிடும்.

7. இரத்தக் கறையைக் குளிர்ந்த நீரிலேயே அலசுங்கள். வெந்நீர் பட்டால் அது இழையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

8. தொட்டியைத் திணித்து நிரப்பாமல் மேலே சிறிது இடம் விடுங்கள். துணி தாராளமாகப் புரண்டால்தான் அழுக்கு அகலும்.