கஞ்சாவும் மருந்தும்

ஒரே செடி நாரும் விதையும் மருந்தும் தருவது உழவர்க்கும் நெசவாளர்க்கும் புதிதன்று. கஞ்சாச் செடியும் அவ்வினத்ததே. தண்டு நார் தரும். பூங்கதிரும் பிசினும் போதை தரும்.

இச்செடியிலுள்ள பொருள்களுள் இரண்டு தலையாயவை. டிஎச்சி என்பது மயக்கந் தருவது; சிபிடி என்பது போதை தராதது. சிபிடியைப் பிரித்தெடுத்துத் தூய்மையாக்கிய எபிடயோலெக்ஸ் என்னும் மருந்தை, குழந்தைகளுக்கு வரும் இருவகைக் கடும் வலிப்பு நோய்களுக்கு 2018இல் அமெரிக்கா ஏற்றது. அவ்வாண்டு நவம்பர் 1 முதல், பிரிட்டனில் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளை எழுதித்தரவும் சட்டம் இடமளித்தது.

நம் நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டம் கஞ்சா எனப்படும் பூங்கதிரையும், சரஸ் எனப்படும் பிசினையும் கட்டுப்படுத்துகிறது. பூங்கதிரொடு சேராத இலையும் விதையும் அவ்வரையறையில் அடங்கா. ஆகவே இலை சேர்ந்த ஆயுர்வேத மருந்துகள் உரிமம் பெற்றோரால் செய்யப்படுகின்றன. அவற்றை மருத்துவர் மேற்பார்வையிலேயே உட்கொள்ளல் வேண்டும். உரிமமின்றிச் செடி வளர்ப்போர்க்குப் பத்தாண்டு வரை கடுங்காவல் உண்டு.

நோயுற்றோர் வீட்டார் இரண்டினை மறவாதிருத்தல் நலம். கஞ்சாப் புகை மருந்தாகாது. அதில் எப்பொருள் எவ்வளவு உளதென எவரும் அறியார். வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்துவதோ உயிருக்கே கேடாம். சிபிடி பிற மருந்துகளின் வேகத்தை மாற்றவும், கல்லீரலைத் தாக்கவும் கூடும். எனவே, உண்டுவரும் மருந்துகள் யாவற்றையும் நரம்பியல் மருத்துவரிடம் ஒளியாது கூறி, அவர் சொற்படி நடத்தலே நேர்வழி.