விரைவும் வெம்மையும்

வைகை பாயும் மதுரை மாநகரம் தொன்றுதொட்டுக் கைத்தொழிலாற் பெருமை பெற்றது. சுங்குடிச் சேலைக்குச் சாயம் ஏற்றுவோரும், விளாச்சேரியில் மண்பொம்மை வனைவோரும், மரத்தேர் செய்யும் தச்சரும் இந்நகரிலும் இதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வழிவழியாகத் தொழில் செய்துவருகின்றனர். இக்காலத்து இளைஞர் சிலர் புதியதொரு கைவினையையும் பயின்று வருகின்றனர். விளையாட்டுக்குரிய கணிப்பொறியை முழுமையாக விலைகொடுத்து வாங்காமல், உறுப்புக்களைத் தனித்தனியே தேடி வாங்கித் தம் கையாலேயே பூட்டிக்கொள்வதே அக்கைவினையாகும்.

கணிப்பொறியின் உறுப்புக்களுள் தலையாயது பிராசசர் எனப்படும் செயலி. நினைவைத் தாங்குவது ரேம். திரையில் உருவங்களைத் தீட்டுவது கிராபிக்ஸ் கார்டு. இவையனைத்தையும் தன்மேல் தாங்கி இணைப்பது மதர்போர்டு. மின்சாரத்தை அளவாகப் பகிர்ந்தளிக்கும் கருவியொன்றும், எல்லாவற்றையும் உள்ளடக்கும் பெட்டியொன்றும் வேண்டும். வண்டிக்கு அச்சும் சக்கரமும் ஒன்றற்கொன்று பொருந்த வேண்டுவது போல, இவ்வுறுப்புக்களும் தம்முள் பொருந்த வேண்டும். செயலியின் அடிப்பகுதி மதர்போர்டின் குழியில் அமையாதாயின், இரண்டும் விலையுயர்ந்தனவாயினும் பயனில்லை. ஆகவே, சென்னை ரிச்சி தெருவுக்குச் சென்று வாங்கினும், உள்ளூர்க் கடையில் வாங்கினும், முதலில் ஏட்டில் எழுதி ஒப்புநோக்கிய பின்னரே பணத்தை எடுத்தல் அறிவுடைமை.

பூட்டும்பொழுதும் பொறுமை வேண்டும். நம் உடலில் தங்கும் நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புக்களைக் கெடுக்கவல்லது. ஆதலின், அவற்றைத் தொடுமுன் மண்ணிணைப்புள்ள உலோகத்தைத் தொட்டு அம்மின்சாரத்தைப் போக்கிக்கொள்வர். செயலிக்கும் அதன்மேல் அமரும் குளிர்விக்கும் உலோகத்துக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசையைப் பட்டாணியளவே இடுவர். மிகுதியாக இட்டால் நன்மையும் மிகும் என்று எண்ணுதல் பிழை. முன்புற விசிறி குளிர்ந்த காற்றை உள்ளிழுக்கவும், பின்புற விசிறி வெங்காற்றை வெளித்தள்ளவும் அமைப்பர்.

இனி, பூட்டிய பொறியை அதற்குக் குறித்த விரைவினும் மிகுதியாக ஓட்டும் முறையொன்று உண்டு. அதனை ஓவர்கிளாக்கிங் என்பர். நடன அரங்கில் நட்டுவனார் தாளந் தட்ட, அத்தாளத்துக்கு இசைய ஆடுவோர் அடியெடுத்து வைப்பதை நாம் கண்டிருக்கின்றோம். செயலிக்கும் அத்தகைய தாளம் ஒன்று உண்டு. அதன் ஒவ்வொரு துடிப்புக்கும் இசைந்தே அது கணக்கிடுகின்றது. 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியின் செயலி நொடிக்கு 47 இலட்சத்து 70 ஆயிரம் துடிப்போடு இயங்கியது. இந்நாளைய செயலிகளுட் சில 500 கோடித் துடிப்பையும் எட்டுகின்றன. தாளத்தை விரைவுபடுத்தினால் ஆட்டமும் விரையும். ஆயினும், ஆடுவோர்க்கு மூச்சு முட்டாத அளவே விரைவுக்கு எல்லை.

இம்முறை உலகெங்கும் பரவியதற்கு 1998-ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட செலரான் 300ஏ என்னும் மலிவான செயலி ஒரு காரணமாயிற்று. மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பை நாலரை மடங்காக்கி அது இயங்கிற்று. அடிப்படைத் துடிப்பு ஏறக்குறைய 6 கோடியே 67 இலட்சமாதலின், செயலியின் விரைவு 30 கோடியாக இருந்தது. அடிப்படையை 10 கோடியாக உயர்த்தியவர்கள் அதே செயலியிலிருந்து 45 கோடித் துடிப்பைப் பெற்றனர். செயலி செய்வோர், எந்நிலையிலும் பழுதின்றி ஓடத்தக்க விரைவையே அதன்மேற் குறிப்பர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் வலிமையில் வேறுபடுவது போல, ஒரே தகட்டிலிருந்து வெட்டிய செயலிகளும் வேறுபடும். குறித்த விரைவுக்கும் உண்மை வலிமைக்கும் இடைப்பட்ட அவ்விடைவெளியே மிகை விரைவுக்கு இடந் தருவது.

ஆனால், இவ்வுலகில் விலையின்றி வருவது யாது? விரைவுக்கு விலை வெம்மையாகும். செயலி உண்ணும் மின்திறன் துடிப்பின் அளவோடு நேராக உயரும். மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பவும் உயரும். விரைவைப் பத்தில் ஒரு பங்கும் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்கும் கூட்டினால், செலவாகும் திறன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிகும். பெற்ற விரைவோ பத்தில் ஒரு பங்கே! அம்மிகைத் திறன் முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும்.

மதுரைச் சமவெளியில் வாழ்வோர் இதனை மறத்தலாகாது. விசிறி எத்துணை வலியதாயினும், செயலியை அறைக்காற்றினும் குளிர்ச்சியாக்க அதனால் இயலாது. அறையின் வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் செயலியின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே உயரும். மார்கழியில் அமைதியாக ஓடிய பொறி, 40 டிகிரி வெயில் காயும் சித்திரையில் தடுமாறுவது இதனாலேயே. வெப்பம் எல்லை கடந்தால் இக்காலச் செயலி தானே விரைவைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும், அன்றி நின்றுவிடும். இவற்றினும் கொடியது, ஓடிக்கொண்டே பிழையாகக் கணக்கிடுதல். அப்பிழையால் எழுதி வைத்த பாடங்களும் செய்து முடித்த வேலைகளும் ஓசையின்றிச் சிதைந்து போகக்கூடும். பெற்றோர் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளால் வாங்கிய ஒரே பொறியில் விளையாட்டும் படிப்பும் நடைபெறும் இல்லங்களில் இவ்விழப்பு சிறிதன்று.

ஆகவே, இக்கலையில் வல்லோர் விரைவைச் சிறுசிறு படியாகவே உயர்த்துவர். ஒவ்வொரு படியிலும் பொறியைப் பல மணி நேரம் கடுமையாக உழைக்கச் செய்து வெப்பத்தை அளந்து எழுதுவர். பிழை தோன்றின் ஒருபடி கீழிறங்குவர். கோடையிலும் ஒருமுறை சோதிப்பர். மிகை விரைவால் பழுது நேரின் உத்தரவாதம் செல்லாமற் போகலாம் என்பதையும் முன்னரே அறிந்துகொள்வர். மைனஸ் 196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை ஊற்றி வியத்தகு விரைவு காட்டுவோரும் உளர். அது போட்டி அரங்குக்குரிய வித்தை, இல்லத்துக்கு ஏற்றதன்று.

திருக்குறளில் வலியறிதல் என்பது 48-ஆம் அதிகாரம். அரசர்க்கு உரைத்த அந்நெறி ஒரு சிறு சிலிக்கன் துண்டை ஆள்வோர்க்கும் பொருந்துவதன்றோ? வினையின் வலியையும், கருவியின் வலியையும், தன் ஊரின் வெயிலையும் அறிந்தவனே விரைவைப் பெற்று இழப்பைத் தவிர்ப்பான்.

இவ்வறிவு விளையாட்டோடு நிற்பதன்று. சென்னை ஐ.ஐ.டி.யில் சக்தி என்னும் பெயரால் செயலிகளையே வடிவமைத்தனர். அவற்றுள் ஒன்று 2018-ஆம் ஆண்டில் சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள ஆலையில் உருவாக்கப்பட்டது. பிறர் செய்த செயலியின் எல்லையைப் பொறுமையோடு அளந்தறியும் இளைஞருள், நாளை அதனைத் தாமே படைப்போரும் தோன்றுவர். அளந்தறியும் பழக்கமே படைக்கும் ஆற்றலுக்கு முதற்படி என்பதை மாணவர் உளங்கொள்வாராக.