இல்லப் பணியில் பங்கு

கிருட்டினகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை அடுத்து, ஓசூருக்கு அண்மையில் உள்ள சிற்றூர் தொரப்பள்ளி. இந்தியாவின் தலைமை ஆளுநராக விளங்கிய மூதறிஞர் இராசாசி 1878ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தது இவ்வூரிலேதான். அக்காலத்தில் இவ்வட்டாரத்து மக்களுக்கு உழவே பெருந்தொழில். கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளையும் கொல்லைக்கும் வீட்டுக்கும் தொலைவு மிகுதியில்லை. ஆடவரும் பெண்டிரும் ஒரே கொல்லையில் உழைத்தனர். மாலையில் வீடு திரும்பியபின் ஆடவர் திண்ணையில் அமர்ந்தனர். பெண்டிர் அடுப்பின்முன் அமர்ந்தனர். ஒன்றாகத் தொடங்கிய உழைப்பு ஒன்றாக முடியவில்லை.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை தோன்றியது. சரக்கு லாரியும், இருசக்கர வண்டியும், கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து ஆடவரேயன்றிப் பெண்டிரும் ஆலைக்குச் செல்லலாயினர். ஆலையில் ஒரு நாள் மூன்று முறைகளாகப் பகுக்கப்படும். மக்கள் அதனை 'ஷிப்டு' என்றே வழங்குவர். காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி எனப் பெரும்பாலும் அவை தொடங்கும். முறை முடியும் வேளையில் அடுத்தவர் வந்து நிற்பார், பொறி கைம்மாறும், முன்னவர் கவலையின்றிப் புறப்படுவார். இல்லத்திலோ அவ்வாறு மாற்றி விடுவார் ஒருவரும் இலர். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு ஆலைப் பேருந்தில் ஏறும் பெண், பிற்பகலில் திரும்பி வந்து காண்பது காலையில் தான் விட்டுச் சென்ற பாத்திரக் குவியலையே.

நடுவண் அரசு 2024ஆம் ஆண்டில் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. ஊதியமில்லாத வீட்டுப் பணியில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவிட்டனர் என்பதும், அதில் ஈடுபட்ட ஆண்கள் 88 நிமிடமே செலவிட்டனர் என்பதும் அதனால் தெரியவந்தன. துடைப்பத்தைத் தொடாத ஆண்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை என்பதை இங்கு உன்னுதல் வேண்டும். 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆண்களுள் நூற்றுக்கு 26 பேரே நாள்தோறும் இப்பணியில் கைவைத்தவர். எண்களைக் கண்டு வியப்பார் உளரோ என்பது ஐயம். வீட்டில் இருப்பவர் எவரும் அறிந்த செய்தியையே அவை உரைக்கின்றன.

இங்கே சொல் ஒன்றை ஆராய்தல் தகும். 'இல்லாள்' என்பது இல்லத்தை ஆள்பவளைக் குறிக்கும் உயர்ந்த சொல். அதற்கு ஆண்பால் போலத் தோன்றும் 'இல்லான்' என்பதோ ஏதும் அற்ற வறியவனைக் குறிக்கின்றது. மொழியே ஆடவனை வீட்டிலிருந்து விலக்கி வைத்துவிட்டது போலும்! இக்காலத்திலும், வீடு பெருக்கும் கணவனை, "மனைவிக்கு உதவி செய்கிறான்" என்று புகழ்கின்றனர். உதவி என்பது பிறர் பணிக்குச் செய்வது. தான் உண்ட தட்டைக் கழுவுதலும், தான் நடந்த தரையைத் துடைத்தலும் யாருக்குச் செய்யும் உதவி? அவற்றைப் பங்கு என்றல்லவா கூறுதல் வேண்டும்? பங்கு என்றால் பொறுப்பும் உடன் வரும். "என்ன செய்ய வேண்டும், சொல்" என்று நிற்பவன் கைகளை மட்டும் தருகின்றான். நினைவு வைத்திருக்கும் சுமை முழுவதும் மற்றவர் தலையிலேயே கிடக்கின்றது. உப்புத் தீர்ந்ததும், குழந்தையின் சீருடை ஈரமாய் இருப்பதும், குழாயில் நீர் வரும் நேரமும் ஒருவர் மட்டுமே நினைத்திருக்க வேண்டியன அல்ல.

இல்லப் பணிக்கு மதிப்பு உண்டு என்பதை நீதிமன்றமும் ஏற்றுள்ளது. கணவன் அயல்நாட்டில் ஈட்டிய பொருளைக்கொண்டு வாங்கிய சொத்து பற்றிய வழக்கொன்றில், இல்லத்தையும் மக்களையும் பேணிய மனைவியின் உழைப்பும் அதில் அடங்கியுள்ளது என்றும், அவளுக்குச் சமபங்கு உண்டு என்றும் சென்னை உயர் நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் தீர்ப்பளித்தது.

இனி, பணியைப் பங்கிட்டு வாழ்ந்து காட்டிய ஒரு பெருங்குடும்பத்தைக் காண்போம். தென்னாப்பிரிக்காவில் சத்தியாக்கிரகப் போர் நிகழ்ந்த காலத்தில், சிறை சென்றவர்களின் குடும்பங்கள் வாழ்வதற்கென 1910ஆம் ஆண்டு சோகன்னசுபர்க் நகருக்கு அணித்தாக டால்ஸ்டாய் பண்ணை அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 1,100 ஏக்கர் பரப்புள்ள அந்நிலத்தைக் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் அளித்தார். அங்கே குடியேறியவருள் தமிழரும் பலர். வேலைக்காரர் எவரும் இலர். சமைப்பது முதல் கழிவு அகற்றுவது ஈறாக எல்லாவற்றையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். தத்தம் உண்கலத்தைத் தாமே கழுவினர். பொதுவான சமையற் பாத்திரங்களைக் குழு குழுவாக முறை வைத்துத் துலக்கினர். பயன்படுத்திய நீரை வாளிகளில் சேர்த்து மரங்களுக்கு ஊற்றினர். காய்கறிக் கழிவும் எச்சிலும் எருவாயின. மலக்கழிவைக் குழியிலிட்டு மண்ணால் மூடினர். ஆதலின் அங்கு ஈயும் இல்லை, தீநாற்றமும் இல்லை. பல சமயத்தாரும், பல மொழியாரும், முதியோரும், சிறுவரும் சேர்ந்து வாழ்ந்த இடத்தில் இவ்வொழுங்கு நிலவியது. ஒரு குறை மட்டும் கூறத்தகும். அப்பண்ணையிலும் அடுக்களைப் பொறுப்புப் பெண்களிடமே இருந்தது. ஆடவர் ஓரிருவர் துணைக்கு விடப்பட்டனர். அடுப்பின் எல்லையைக் கடப்பது அத்துணை அரிது.

ஆனால் கடக்கவியலாத எல்லை அன்று அது. பிற மாவட்டங்களிலிருந்து ஓசூருக்கு வேலை தேடி வரும் இளைஞர் நால்வர் ஐவராகக் கூடி ஓர் அறையில் தங்குகின்றனர். ஒருவர் சோறு வடிக்கிறார். ஒருவர் குழம்பு வைக்கிறார். ஒருவர் தண்ணீர் பிடிக்கிறார். யார் முறை என்பதில் சண்டையும் உண்டு; பணி நடக்காமல் இருப்பதில்லை. இவர்களே மணம் புரிந்துகொண்டபின், உலை வைக்கத் தெரியாதவர் போல் ஆகிவிடுவதுதான் விந்தை!

தொரப்பள்ளியில் ஒரு குடும்பம் இருப்பதாகக் கொள்வோம். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஆலையில் பணி செய்கின்றனர். பாட்டி உண்டு, எட்டாம் வகுப்பில் படிக்கும் மகன், ஐந்தாம் வகுப்பில் படிக்கும் மகள் உண்டு. இக்குடும்பம், "திங்கட்கிழமை அப்பா, செவ்வாய்க்கிழமை அம்மா" என்று கிழமைக்கணக்கில் பணியைப் பகுத்தால் அது நில்லாது. ஆலை முறை வாரந்தோறும் மாறுமன்றோ? முறையைக்கொண்டு பகுத்தலே தக்கது. காலை முறைக்குச் செல்பவர் முதல் நாள் மாலையிலேயே காய் அரிந்து வைப்பார். மறுநாட்காலைச் சமையல் மற்றவருடையது. இரவு முறை முடித்து வந்தவருக்கு உறக்கமே முதற்பணி. எழுந்தபின் துணி துவைப்பது அவர் பங்கு. பாட்டி கீரை ஆய்வார். மகளுக்குப் படுக்கை மடிப்பதும் முற்றம் பெருக்குவதும்.

நீர்த்தொட்டியும் குடங்களும் மகனுடைய பொறுப்பு. சிறு பணிதானே என எண்ணுதல் தவறு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு, வீட்டுக்குள்ளும் வெளியிலும் தேங்கிய நல்ல நீரில் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிடல் வேண்டும். கொட்டினால் மட்டும் போதாது; முட்டை கலத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும்; நீர் வற்றினாலும் பல திங்கள் அழியாது. நார் கொண்டு உட்புறத்தை அழுந்தத் தேய்த்தல் இன்றியமையாதது. "அம்மா சொல்லவில்லை" என்று மகன் ஒரு வாரம் விட்டுவிட்டால், காய்ச்சலில் வீழ்பவர் பாட்டியாகவும் இருக்கலாம். பிறர் நினைவூட்டாமலே இப்பணியைச் செய்பவன்தான் தன் பங்கைச் செய்தவன்.

முதலில் பாட்டி உடன்படார். "ஆண்பிள்ளை துடைப்பம் எடுப்பதா?" என்பார். மருமகள் இரவு முறைக்குச் சென்ற ஒரு வாரத்தில், களி கிண்டும் துடுப்பைப் பேரன் கையில் கொடுப்பவரும் அவரே. கொதிக்கும் நீரில் கேழ்வரகு மாவை இட்டு, அடுப்பைத் தணித்து, வேகும்வரை பொறுத்துக் கிண்டுதல் எளிதன்று. முதல் நாள் கட்டி தட்டும். அன்று அனைவரும் அக்கட்டிக் களியையே உண்பர். மறுநாள் பாட்டி அருகில் அமர்ந்து, மாவை எப்போது இடுவது என்று சொல்லிக் கொடுப்பார்.