இரண்டு ஆனைக்கரைகளும் ஒரு தேநீர்க் கருவியும்

நுழையும்முன்

வீட்டில் 'டீ' என்கிறோம். கடைக்குச் சென்றால் 'சாயா' என்கிறோம். எழுதும்போது 'தேநீர்' என்கிறோம். மூன்றும் சீன நாட்டிலிருந்து புறப்பட்ட சொற்களே. அந்நாட்டின் ஒரு பகுதியில் 'தே' என்றும் மற்றொரு பகுதியில் 'சா' என்றும் இச்செடியை அழைத்தனர். மனிதரைப் போலவே சொற்களும் ஊர் விட்டு ஊர் சென்று வாழ்கின்றன. அந்தத் தேநீரைத் தானே ஆயத்தம் செய்யும் அறிவார்ந்த கருவி ஒன்றை மாணவர் குழு வடிவமைக்க விரும்பினால் எவ்வாறு திட்டமிட வேண்டும்? இப்பாடத்தில் அதனைக் காண்போம்.

யாருக்காக?

மாணவர்களே! கருவி செய்வோம் என்றவுடன் நம் மனம் கம்பிகளையும் விளக்குகளையும் தேடி ஓடும். சற்றுப் பொறுங்கள். முதலில் கேட்க வேண்டிய வினா, 'எதைச் செய்வது?' என்பது அன்று, 'யாருக்காகச் செய்வது?' என்பதாகும்.

ஏலமலையில் விடியும் முன்பே வேலைக்குப் புறப்படுவோர் பலர். கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து மலையேறி ஏலத்தோட்டங்களுக்கு வருவோரும் உளர். அவ்வாறு புறப்படும் ஓர் அம்மாவை எண்ணிப் பாருங்கள். காலை ஐந்தரை மணிக்கு ஜீப் வந்துவிடும். அதற்குள் சோறு வடிக்க வேண்டும். தூக்குவாளியில் உணவு எடுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளை எழுப்ப வேண்டும். தேநீரை அடுப்பில் வைத்துவிட்டு அதன் அருகிலேயே நிற்க அவருக்கு நேரமில்லை. ஆறியதா என்று பார்க்கவும் நேரமில்லை. பல நாள்களில் கொதிக்கக் கொதிக்கக் குடித்துவிட்டு ஓடுகிறார்.

எனவே நம் குழுவின் தேவை வாக்கியத்தை இவ்வாறு எழுதலாம்: 'காலை ஐந்து மணிக்கு ஆறு குவளைக் கட்டன் சாயா ஆயத்தமாக இருக்க வேண்டும், அது குடிக்கும் சூட்டில் உள்ளதா என்பதைக் கருவியே சொல்ல வேண்டும்.'

பால் சேர்க்காத தேநீரை ஏன் தேர்ந்தெடுத்தோம்? பால் பொங்கி வழியும்; இரவு முழுதும் கருவியில் இருந்தால் கெட்டும் போகும். முதல் முயற்சியில் எளிய பணியை மேற்கொள்வதே நன்று.

இரண்டு வினாக்கள் கேட்ட இயந்திரம்

இத்தகைய முயற்சி புதியது அன்று. அமெரிக்காவின் பிட்சுபர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் கணினித் துறையில் ஒரு குளிர்பான இயந்திரம் இருந்தது. டேவிட் நிக்கோல்ஸ் என்னும் மாணவரின் அறை அதற்குச் சற்றுத் தொலைவில் இருந்தது. அவ்வளவு தூரம் நடந்து சென்றால் சில வேளை இயந்திரம் வெறுமையாக இருக்கும். சில வேளை அப்போதுதான் நிரப்பிய, குளிராத குப்பி கிடைக்கும்.

1982 ஆம் ஆண்டளவில் அவரும் நண்பர்களும் சேர்ந்து அந்த இயந்திரத்தைத் துறையின் கணினியோடு இணைத்தனர். எந்த வரிசையில் குப்பி உள்ளது, அது குளிர்ந்துவிட்டதா என்பவற்றைத் தம் அறையில் இருந்தபடியே அறிந்துகொண்டனர். இணைய வலையின் முன்னோடியான அர்பாநெட் வழியாகவும் அச்செய்தியைக் காண முடிந்தது. வலையோடு இணைந்த முதல் பொருள்களுள் ஒன்றாக அவ்வியந்திரம் இன்று போற்றப்படுகிறது.

ஒன்றைக் கவனியுங்கள். குப்பி குளிர்ந்ததா என்பதை அறிய அவர்கள் வெப்பமானி எதையும் வைக்கவில்லை. குப்பியை வைத்து மூன்று மணி நேரம் கடந்தால் அது குளிர்ந்துவிட்டது என்று கொண்டனர். தேவை தெளிவாக இருந்தது. ஆகவே வழியும் எளிதாயிற்று. 'இருக்கிறதா? குளிர்ந்ததா?' என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை சொன்னதே அவ்வியந்திரத்தின் அறிவு. நம் கருவியும் இரண்டு வினாக்களுக்கே விடை சொல்லப் போகிறது: 'ஆயத்தமா? குடிக்கலாமா?'

நூறு என்னும் எண்

இனி அளவுக்கு வருவோம். 'நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்' என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். ஆகவே, 'வெப்பநிலை 100 ஆனதும் மின்சாரத்தை நிறுத்து' என்று நிரல் எழுதினால் போதும் என்று தோன்றும். அங்கேதான் பிழை ஒளிந்திருக்கிறது.

கேரளத்தில் ஆனைக்கரை என்னும் பெயரில் ஓர் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், பாரதப்புழையை ஒட்டிய தாழ்நிலத்தில் உள்ளது. அதே பெயருடைய மற்றோர் ஊர் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில் உள்ளது. ஆற்றங்கரை ஊரில் நீர் ஏறத்தாழ 100 டிகிரியில் கொதிக்கும். உயரம் செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறையும். கொதிநிலையும் ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் நீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

அப்படியானால் நாம் எழுதிய நிரல் மலையில் என்ன செய்யும்? நூறுக்காகக் காத்திருக்கும். நூறு ஒருபோதும் வராது. நீர் கொதித்துக் கொதித்து வற்றும். இறுதியில் வெறும் பாத்திரம் காயும். தாழ்நிலத்தில் நன்றாக இயங்கிய கருவி மலைவீட்டில் தீங்கு செய்யும். பெயர் ஒன்றே ஆயினும் இடம் வேறு.

இதற்குத் தீர்வு உண்டு. நீர் கொதிக்கும்போது அதன் வெப்பநிலை மேலும் உயராது. ஆகவே, '90 டிகிரியைக் கடந்த பின் ஒரு நிமிடம் வரை வெப்பநிலை உயரவில்லை எனில் நிறுத்து' என்று எழுதுங்கள். இக்கட்டளை இரண்டு ஆனைக்கரைகளுக்கும் பொருந்தும். கடையில் விற்கும் தானே நிற்கும் மின்கெண்டிகள் பலவும் எந்த எண்ணுக்காகவும் காத்திருப்பதில்லை. எழும் நீராவி ஓர் உலோகத் தகட்டைச் சூடாக்கி வளைக்க, மின்சாரம் நின்றுவிடுகிறது.

நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடல்

ஒரு குவளைக்கு 150 மில்லிலிட்டர் எனில் ஆறு குவளைக்கு 900 மில்லிலிட்டர். ஒரு லிட்டர் என்றே கொள்வோம். மலையில் விடியற்காலை நீர் 20 டிகிரியில் இருந்தால் அதனை 77 டிகிரி உயர்த்த வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் தேவை. எனவே மொத்தம் ஏறத்தாழ 323 கிலோஜூல். 1000 வாட் சூடேற்றி நொடிக்கு ஒரு கிலோஜூல் தரும். ஆகவே 323 நொடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை நிமிடம். வெப்பம் சிறிது வீணாகும் என்பதால் ஏழு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். செலவாகும் மின்சாரம் ஓர் அலகில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. பின்னர்த் தூள் ஊற நான்கு நிமிடம்.

குடிக்கும் சூட்டிற்கு ஆற எவ்வளவு நேரம்? உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புடையது என்று 2016 இல் வகைப்படுத்தியது. ஆகவே 65 என்பதே நம் எல்லை. அந்த எல்லைக்கு ஆறும் நேரம் பாத்திரத்தின் வடிவம், மூடி, காற்று ஆகியவற்றைப் பொறுத்தது. அதனை ஊகிக்காமல் அளந்தே அறிய வேண்டும். அளந்த பின், ஐந்து மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கருவி தொடங்கும் நேரத்தைக் குறியுங்கள்.

இரவில் மின்தடை ஏற்பட்டால் கருவியின் கடிகாரம் நின்றுவிடும் அல்லவா? அதற்கு ஒரு சிறு மின்கலம் தேவை என்பதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

கருவி எம்மொழியில் பேசும்?

எழுத்துத் திரையில் ஆங்கிலச் சொற்கள் ஓடினால் அம்மாவுக்கு என்ன பயன்? தமிழிலும் மலையாளத்திலும் எழுதலாம். எழுத்தறியாதவர்க்கு விளக்குகள் போதும். சிவப்பு எரிந்தால் 'ஆயத்தம். பிளாஸ்க்கில் ஊற்றலாம், குடிக்க வேண்டா'. பச்சை எரிந்தால் 'குடிக்கலாம்'. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதோரும் உளர். ஆதலால் சிவப்பை மேலும் பச்சையைக் கீழும் அமையுங்கள்.

பணிப்பகிர்வும் காலமும்

குழுவில் ஐவர் இருக்கட்டும். ஒருவர் தேவை அறிவார்; ஒருவர் பாத்திரமும் சட்டகமும் வரைவார்; ஒருவர் மின்சுற்று அமைப்பார்; ஒருவர் நிரல் எழுதுவார்; ஒருவர் நாள்தோறும் நடந்தவற்றைத் தமிழில் பதிவு செய்வார். பதிவு செய்பவர் பணி சிறியது என்று எண்ணாதீர்கள். பிழை எங்கே நேர்ந்தது என்பதை அவருடைய ஏடே காட்டும்.

முதல் வாரம்: வேலைக்குச் செல்லும் பத்துப் பேரிடம் கேட்டறிதல்.
இரண்டாம் வாரம்: வரைபடம், பொருள் பட்டியல், விலை.
மூன்றாம் வாரம்: ஆறும் நேரத்தை அளத்தல்.
நான்காம் வாரம்: உணரி, விளக்கு, நிரல் ஆகியவற்றை இணைத்தல்.
ஐந்தாம் வாரம்: சோதித்தல், திருத்தல்.
ஆறாம் வாரம்: ஒரு வீட்டில் காட்டிக் கருத்துக் கேட்டல்.

பள்ளியில் அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தால் அங்குள்ள உணரிகளையும் நிரல் அட்டைகளையும் பயன்படுத்துங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுடையது. அதனைத் தொடும் பணி எதையும் மாணவர் செய்தல் கூடாது. முன்மாதிரியில் மின்கலத்தால் இயங்கும் விளக்கும் உணரியும் மட்டும் இருக்கட்டும். நீரைச் சூடாக்குவது ஆசிரியரின் பொறுப்பு.

ஆறாம் வாரத்தில், 'எனக்கு இந்த விளக்கு வேண்டா, ஒலி வேண்டும். நான் அடுப்படியில் திரும்பி நிற்பேன்' என்று அந்த அம்மா கூறலாம். வருந்தாதீர்கள். அதுவே உங்கள் குழு பெற்ற சிறந்த விடை. ஏட்டைத் திறந்து, தேவை வாக்கியத்தை மீண்டும் எழுதுங்கள்.

அருஞ்சொற்பொருள்

உணரி – சூடு, ஒளி முதலியவற்றை அறிந்து சொல்லும் உறுப்பு
நிரல் – கருவிக்கு எழுதும் கட்டளைத் தொகுதி
முன்மாதிரி – சோதிப்பதற்காக முதலில் செய்யும் வடிவம்
குப்பி – புட்டி
உளர் – இருக்கின்றனர்

பயிற்சி

அ. விடையளிக்க.
1. கார்னகி மெலன் மாணவர்கள் குப்பி குளிர்ந்ததை எவ்வாறு அறிந்தனர்?
2. 'நூறு ஆனதும் நிறுத்து' என்னும் கட்டளை மலையில் ஏன் பயன்படாது?
3. பதிவு செய்பவரின் பணி ஏன் இன்றியமையாதது?

ஆ. பிரித்து எழுதுக.
தேயிலை = தே + இலை (தே + ய் + இலை)
இதுபோல் பிரிக்க: மலையேறி, கருவியே, மணியிலிருந்து

இ. எதிர்மறையாக மாற்றுக.
நீர் கொதித்தால் விளக்கு எரியும். → நீர் கொதிக்காவிடில் விளக்கு எரியாது.
1. மின்சாரம் வந்தால் கருவி இயங்கும்.
2. அளந்து பார்த்தால் பிழை தெரியும்.

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டில் முதலில் எழுபவர் யார்? அவரிடம் காலைத் தேநீரைப் பற்றி ஐந்து வினாக்கள் கேட்டு, அவர் கூறிய சொற்களிலேயே விடைகளை எழுதி வருக.