மின்னழுத்தம் குறைந்தால் மோட்டார் ஏன் எரிகிறது?

2012 முதல் 2019 வரை மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படவில்லை. ஆற்றுநீர் வராத தஞ்சை வயல்களில் குறுவையைக் காத்தவை ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார்களே. எல்லோரும் ஒருசேர ஓட்டினால் மின்னழுத்தம் இறங்கும், காயில் கருகும். கரண்டு குறைந்தால் சூடும் குறையவேண்டாமா என்று எங்கள் ஊரில் கேட்பார்கள்.

குண்டு பல்பில் அப்படித்தான். 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு எடுப்பது 0.435 ஆம்பியர், எனவே மின்தடை 529 ஓம். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் குறைந்து ஒளி மங்கும், அவ்வளவே.

மோட்டாரோ அதே நீரை இறைத்தாக வேண்டும். திறன் மாறாதபோது வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறியே தீரும். 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கும் 5 குதிரைத்திறன் மோட்டார், 350 வோல்ட்டில் ஏறத்தாழ 8.9 எடுக்கும். காயிலின் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது 1.41 மடங்காகிறது. தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை! ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட்மீட்டரைப் பாராமல் வரப்பில் இறங்குவோர்தாம் காயில் கட்டுபவரிடம் போய் நிற்கிறார்கள், அதுவும் நாற்று வாடும் வேளையில்.