கணவனும் மனைவியும் சேர்ந்து கோள் பார்க்க

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை முதல் பங்குனி வரையிலான தெளிந்த இரவுகள் கோள்களைக் காண மிக ஏற்றவை. பகல் வெயிலை வாங்கிய மொட்டைமாடி இரவில் வெப்பத்தை வெளியிட்டுக் கோளின் உருவத்தை நடுங்கச் செய்வதால், சிறு தொலைநோக்கியை வீட்டின் பின்புற மண்தரையில் நிறுத்தி, அரைமணி நேரம் காற்றின் வெப்பநிலைக்குப் பழகவிடுவதே நல்லது.

இருவர் ஒரே கருவியைப் பகிரும்போது பெரிய இடையூறாக அமைவது புவியின் சுழற்சியே. 700 மி.மீ. குவியத்தொலைவுடைய, அதாவது ஒளியைக் குவிக்க அவ்வளவு நீளம் தேவைப்படும் கருவியில், 10 மி.மீ. கண்ணருகு வில்லை 70 மடங்கு உருப்பெருக்கம் தரும். அப்போது நடுவில் நிறுத்திய வியாழன் ஓரிரு நிமிடங்களில் பார்வைப்புலத்தைவிட்டு நழுவிவிடும். எனவே இடம் மாறுமுன், கோள் நகரும் திசைக்கு எதிர் விளிம்பில் அதை நிறுத்திவிட்டு எழுந்தால், அடுத்தவருக்குப் போதிய நேரம் கிடைக்கும். ஒருவருக்குத் தெளிவாகத் தெரிவது மற்றவருக்கு மங்கலாகத் தெரிவது இயல்பு. பார்ப்பவரே குவியத் திருகைத் திருத்திக்கொள்ள வேண்டும். முக்காலியின் உயரம், நாற்காலியில் அமர்ந்த நிலையில் உயரம் குறைந்தவரின் கண்மட்டத்திற்கு இருக்கட்டும்.

1610இல் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு நிலவுகளை இருவரும் தனித்தனியே வரைந்து, பின்னரே ஒப்பிட்டுப் பேசுவது கண்ணைக் கூர்மையாக்கும் சிறந்த பயிற்சி. தம்பதியாக வானைப் பார்ப்பது புதிதல்ல: 17ஆம் நூற்றாண்டில் தான்சிக் நகரத்து வானியலாளர் ஹெவேலியஸும் அவர் மனைவி எலிசபெத்தும் இணைந்தே வானை அளந்தனர். கணவர் மறைந்தபின் 1690இல் விண்மீன் அட்டவணையை வெளியிட்டவர் எலிசபெத்தே. வரையும்போது வெள்ளை விளக்கு இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும் என்பதால், டார்ச் விளக்கின் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாளை ஒட்டிக்கொள்ளலாம்.